எந்த வெயிட் புரோகிராம் எனக்குச் சரிவரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோச் இல்லை, கையில் சான்றிதழும் கிடையாது. திருகோணமலையில் கடல்காற்றுப் பட்டுத் துருவேறிய பார்களை (இரண்டு பக்கமும் எடைத் தட்டு மாட்டுகிற இரும்புக் கம்பி) 10 வருடமாகத் தூக்கி இறக்குகிற ஒருவன், அவ்வளவுதான். அதில் முதல் 4 வருடத்தை வடிவாக வீணாக்கினேன். மாசத்துக்கு ஒரு புரோகிராம், யாருடைய கை பெரிதாகத் தெரிகிறதோ அவர் சொல்வதே வேதம் என்று ஓடியதில் பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது) 50 கிலோவிலேயே கிடந்தது. இப்போது ஜிம் வாசலிலும் சில நேரம் கோயில் வீதியிலும் தம்பிமார் மறித்துக் கேட்பதற்கெல்லாம் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன், எங்கே தொடங்கினாலும் பதில் ஒரு 80 பக்கக் கொப்பியில்தான் போய் நிற்கும், சலித்துக்கொள்ள வேண்டாம்.

ஜிம்மில் சேர்ந்து 2 வருடம் ஆகிறது. இன்னும் நான் ஆரம்பநிலை ஆளா?

பெரும்பாலும் ஓம்.

கோபம் வேண்டாம், இதில் வருடக் கணக்கு செல்லாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை பாரில் எடை கூட்ட முடிகிறது என்பதுதான் கணக்கு. இன்றைக்கு ஸ்குவாட் (பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்புவது) செய்து, சாப்பிட்டு, நித்திரை கொண்டு, நாளை மறுநாள் வந்து 2.5 கிலோ கூட்டியும் அதே 5 ரெப் (ஒரு தடவை தூக்கி இறக்கினால் ஒரு ரெப்) வருகிறதென்றால் நீங்கள் ஆரம்பநிலை, 10 வருடம் ஜிம்முக்குக் காசு கட்டியிருந்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் கூட்ட முடியவில்லை, ஆனால் ஒரு கிழமை முழுவதும் செய்த வேலையின் பலன் அடுத்த கிழமை தெரிகிறது என்றால் இடைநிலை. ஒரு மாசம், இரண்டு மாசம் திட்டம் போட்டு உழைத்தால்தான் ஒரு 2.5 கிலோ ஏறும் என்கிற இடத்துக்கு வந்தவர் மேல்நிலை, அவர் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி கொப்பி. கடந்த 6 கிழமை என்ன எடை, எத்தனை செட் (நிறுத்தாமல் ஒரேயடியாகச் செய்கிற ரெப்கள் ஒரு செட்), எத்தனை ரெப் என்று எழுதிய கொப்பி இருந்தால் 2 நிமிடத்தில் விடை தெரியும். கொப்பி இல்லையா? அப்போ நீங்கள் ஆரம்பநிலை என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள், அதனால் நட்டம் ஒன்றுமில்லை. ஆரம்பநிலையாக இருப்பதுதான் லாபம், வாழ்க்கையில் எடை இவ்வளவு கெதியாக ஏறுகிற காலம் திரும்ப வராது.

வெயிட்லிஃப்டிங், பவர்லிஃப்டிங், பொடிபில்டிங் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இதைத் தெளிவாக்காமல் புரோகிராம் தேடுவது, எங்கே போகிறது என்று கேட்காமல் பஸ் ஏறுகிற மாதிரி.

ஒலிம்பிக் வெயிட்லிஃப்டிங் என்றால் இரண்டே தூக்கல்: ஸ்னாட்ச் (தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல்), கிளீன் அண்ட் ஜேர்க் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்). முன்பு பிரஸ் என்று மூன்றாவது ஒன்றும் இருந்தது, 1972 ஒலிம்பிக்கோடு அதை எடுத்துவிட்டார்கள். பர்மிங்ஹாமில் 2022 பொதுநலவாய விளையாட்டில் 55 கிலோப் பிரிவில் இலங்கையின் டிலங்க இசுரு குமார வெண்கலம் வென்றது இந்த விளையாட்டில்தான். பவர்லிஃப்டிங் என்றால் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கிற பாரைத் தூக்கி நிமிர்ந்து நிற்பது), மூன்றிலும் ஒரு ரெப்பில் ஆகக் கூடிய எடை. பொடிபில்டிங்கில் எத்தனை கிலோ தூக்கினாய் என்று யாரும் கேட்பதில்லை, மேடையில் தசை எப்படித் தெரிகிறது என்பதுதான்.

இங்கே கேட்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்த மூன்றுமே வேண்டாம். கொஞ்சம் பலம், சேர்ட் போட்டால் கொஞ்சம் தோள், நாரி வலி இல்லாமல் ஒரு அரிசி மூட்டையைத் தூக்கும் தெம்பு, இதுதான் தேவை. அவர்களுக்கு முதல் 6 மாசத்துக்கு எல்லா வழியும் ஒரே வழிதான், அடுத்த பதிலில் இருக்கிறது. ஸ்னாட்ச் பழக ஆசையென்றால் மட்டும் அதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், போன் வீடியோ பார்த்துத் தனியே பழகுகிற தூக்கல் அது இல்லை.

முற்றிலும் புதிது. எதைச் செய்ய?

கிழமைக்கு 3 நாள், நடுவில் ஒருநாள் ஓய்வு. திங்கள், புதன், வெள்ளி என்று வையுங்கள். இரண்டு விதமான நாள்.

முதல் நாள்: ஸ்குவாட் 3 செட் 5 ரெப், பெஞ்ச் பிரஸ் 3 செட் 5 ரெப், டெட்லிஃப்ட் ஒரே செட் 5 ரெப்.
இரண்டாம் நாள்: ஸ்குவாட் 3 செட் 5 ரெப், தலைக்கு மேல் தள்ளும் பிரஸ் 3 செட் 5 ரெப், குனிந்து பாரை வயிற்றுக்கு இழுக்கும் ரோ 3 செட் 8 ரெப்.

மாற்றி மாற்றிச் செய்கிறீர்கள், முடிந்தது. கை பெருக்க ஆசையாக இருந்தால் கடைசியில் 2 செட் கேர்ல் (முழங்கையை மடக்கித் தூக்குவது) செய்துகொள்ளுங்கள், நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 3 செட் 5, 5 செட் 5 என்று இணையத்தில் கிடைக்கிற ஆரம்பநிலைத் திட்டங்கள் எல்லாம் ஏறக்குறைய இதே எலும்புக்கூடுதான், 5க்கு 5 என்ற முறையை 1970களில் அமெரிக்காவில் பில் ஸ்டார் என்ற பயிற்சியாளர் பரப்பினார். பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ஒவ்வொரு நாளும் எடை கூடுகிறதா, ஸ்குவாட்டும் தள்ளலும் இழுவையும் இருக்கிறதா, இந்த இரண்டும் இருந்தால் எதையும் எடுக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். வெறும் பாரில் 20 கிலோவில் ஸ்குவாட் தொடங்கி ஒவ்வொரு தடவையும் 2.5 கூட்டினால் கிழமைக்கு 7.5, எட்டுக் கிழமையில் 60. அதாவது 80 கிலோவில் நிற்பீர்கள். காகிதத்தில்தான். நடுவில் காய்ச்சல் வரும், கலியாண வீடு வரும், ஒருநாள் 5க்கு 4 ரெப்தான் வரும். சரி, 70 என்று வையுங்கள், அதுவும் 2 மாசத்துக்கு அதிசயம்தான்.

செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் 3 நிமிடம் இருங்கள். பாரமான செட் என்றால் 5 நிமிடம்கூட இருக்கலாம். வெட்கப்பட வேண்டாம், ஆனால் அந்த 5 நிமிடமும் ரேக்குக்குள் (ஸ்குவாட் பாரைத் தாங்கி நிற்கிற சட்டம்) நின்று போன் நோண்டாதீர்கள்.

மாஸ்டர் தந்த அட்டையில் திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று இருக்கிறதே?

எல்லா ஜிம் சுவரிலும் தொங்குகிற அட்டைதான். அது கெட்டதில்லை, ஆனால் உங்களுக்குரியதில்லை. கால் நாள் கிழமைக்கு ஒருமுறைதான் வருகிறது, அதுவும் சனிக்கிழமை, சனிக்கிழமையில் யார் கால் செய்கிறார்கள்? ஸ்குவாட் என்பது சைக்கிள் ஓடுகிற மாதிரி ஒரு பழக்கம். கிழமைக்கு ஒருமுறை செய்தால் வருடத்துக்கு 52 நாள்தான் பழகுகிறீர்கள், 3 முறை செய்கிறவர் 150 நாள் பழகிவிடுவார். தசை பிரித்துச் செய்வது பிறகு, ஒரே நாளில் முழு உடம்பையும் செய்ய நேரமும் மூச்சும் போதாத அளவுக்கு எடை ஏறியபின் வருகிற தேவை.

மாஸ்டரோடு சண்டை பிடிக்கவும் வேண்டாம். "கொஞ்ச நாள் இதைச் செய்து பார்க்கிறன் அண்ணா" என்று கொப்பியைக் காட்டிக் கேளுங்கள், ஸ்குவாட் செய்யும்போது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கொப்பியோடு வருகிறவனைத் துரத்துகிற மாஸ்டரை நான் இன்னும் காணவில்லை.

எங்கள் ஜிம் பார் எத்தனை கிலோ என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, நான் சூடுபட்ட கேள்வியும்கூட.

ஆண்களுக்கான போட்டிப் பார் 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ, கொஞ்சம் மெல்லியது. ஊர் ஜிம்களில் கிடப்பது பெரும்பாலும் இந்த இரண்டும் இல்லை. நான் முன்பு போன ஒரு ஜிம்மில் எல்லோரும் 20, 20 என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பாரை ஒரு ஞாயிறு காலை சைக்கிளில் குறுக்கே கட்டி, தெருவில் போகிற சனமெல்லாம் ஏச, மீன் விற்கிற மாமா ஒருவரிடம் கொண்டுபோனேன். தொங்கு தராசுக் கொக்கியில் கயிறு போட்டு மாட்டினார், செதில் ஒட்டிய விரலால் முள்ளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன தம்பி, சதையை அங்கேயே விட்டிட்டு முள்ளை மட்டும் கொண்டு வந்திருக்கிறாய்" என்றார். 12 கிலோவும் கொஞ்சமும். ஆக, 2 வருடமாக நான் சொல்லித் திரிந்த என் டெட்லிஃப்டில் ஏறக்குறைய 8 கிலோ காற்று.

தட்டிலும் இதே கூத்து. பழைய தட்டுகளில் 25 என்று மட்டும் போட்டிருக்கும், அது கிலோ இல்லை, றாத்தல், பாண் வாங்குகிற அதே றாத்தல். 25 றாத்தல் என்றால் 11.3 கிலோ, 45 றாத்தல் என்றால் 20.4. ஒரு பக்கம் கிலோத் தட்டும் மறுபக்கம் றாத்தல் தட்டும் போட்டுக்கொண்டு, ஏன் பார் சரிகிறது என்று யோசித்தவர்களை எனக்குத் தெரியும்.

பாரின் உண்மை எடை தெரியாவிட்டாலும் புரோகிராம் நின்றுவிடாது. அதே பார், அதே தட்டு என்று எழுதிக்கொண்டு போனால் ஏற்றம் ஏற்றம்தான். ஜிம் மாறும்போதுதான் மானம் போகும்.

ஆகச் சின்னத் தட்டே 2.5 கிலோதான். இரண்டு பக்கமும் போட்டால் 5 கிலோ, ஒரேயடியாக அவ்வளவு கூட்ட முடியவில்லையே?

ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும் கொஞ்ச நாள் சமாளிக்கலாம், தலைக்கு மேல் தள்ளும் பிரஸ்ஸில் முடியாது. 30 கிலோ தள்ளுகிறவருக்கு 5 கிலோ என்றால் ஆறில் ஒரு பங்கு.

இரண்டு வழி. ஒன்று, 1.25 கிலோத் தட்டு 2 வாங்கி உங்கள் பையிலேயே வைத்துக்கொள்வது. ஒரு தடவைச் செலவு, பிறகு ஆயுளுக்கும் வரும், மறக்காமல் தேங்காய் எண்ணெய் துடைத்து வையுங்கள், இந்த ஊர்க் காற்றுக்கு இரும்பு ஒரு மாசத்தில் செம்மண் நிறமாகிவிடும். மற்றது, எடையை அப்படியே வைத்து ரெப்பைக் கூட்டுவது. 30 கிலோவில் 3 செட் 5 வந்ததா, அடுத்தமுறை 6, அப்புறம் 7, மூன்று செட்டிலும் 8 வந்தபின் 35 போட்டுத் திரும்ப 5இலிருந்து தொடங்குங்கள். கை, தோள் போன்ற சின்னத் தசைகளுக்கு எனக்குப் பிடித்த முறையே இதுதான், தட்டு இருந்தாலும் இதைத்தான் செய்கிறேன்.

எடை ஏறாமல் நின்றுவிட்டது. புரோகிராமை மாற்றவா?

பொறுங்கள். ஒருநாள் தவறினால் அது தேக்கம் இல்லை. ஒரே எடையில் தொடர்ந்து 3 தடவை தவறினால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் முதலில் புரோகிராமைப் பார்க்காதீர்கள், நித்திரையைப் பாருங்கள். ஏ.எல். சோதனைக்கு இரவு 2 மணிவரை படிக்கிற தம்பிக்கு ஸ்குவாட் ஏறவில்லை என்றால் அதற்கு ஸ்குவாட் என்ன செய்யும்? அடுத்தது சாப்பாடு. காலையில் ஒரு பிளேன்ரீயும் பணிஸும், பின்னேரம் ஜிம் என்றால் நிற்கத்தான் செய்யும்.

இரண்டும் சரியென்றால் எடையில் 10 வீதம் குறையுங்கள். 80இல் நின்றவர் 72.5க்கு வந்து மறுபடி ஏறட்டும், பெரும்பாலும் 80ஐத் தாண்டுவார். அதே இடத்தில் இரண்டாம் முறையும், மூன்றாம் முறையும் முட்டினால் வாழ்த்துகள், நீங்கள் இடைநிலை. இனி நாளுக்கு நாள் ஏற்றம் கிடையாது, கிழமைக்கணக்கு.

இடைநிலைக்கு வந்தவர் கிழமைக்கு 4 நாள் வரமுடிந்தால் மேலுடம்பு 2 நாள், கீழுடம்பு 2 நாள் என்று பிரிப்பதுதான் நான் பார்த்ததில் அதிகம் பேருக்குச் சரிவந்தது. ஒன்றில் பாரமும் குறைந்த ரெப்பும், மற்றதில் கொஞ்சம் குறைந்த எடையும் 8 முதல் 12 ரெப்பும். 3 நாள்தான் என்றால் திங்கள் நிறையச் செட், புதன் லேசாக, வெள்ளி ஒரே ஒரு பாரமான செட்டில் புது எடை, இதுவும் நல்ல பழைய முறை.

5/3/1 பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள். அது எப்படி? புதிதாக வருகிறவர் செய்யலாமா?

ஜிம் வென்ட்லர் என்ற அமெரிக்கப் பவர்லிஃப்டர் உண்டாக்கிய புரோகிராம். உதாரணத்தோடு சொன்னால்தான் விளங்கும்.

80 கிலோ ஸ்குவாட் 5 ரெப் வருகிறது என்று வையுங்கள். எடையை எடுத்து, ரெப்பை 30ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் ஒரு ரெப்பில் எவ்வளவு வரும் என்ற மதிப்பு கிடைக்கும்: 80 × (1 + 5/30) = 93 கிலோ. அதில் 90 வீதம், அதாவது 84 கிலோ. இனி எல்லாக் கணக்கும் இந்த 84இல்தான், 93இல் இல்லை, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். முதல் கிழமை 65, 75, 85 வீதத்தில் 5 ரெப், அதாவது 55, 62.5, 72.5 கிலோ. இரண்டாம் கிழமை 70, 80, 90 வீதத்தில் 3 ரெப். மூன்றாம் கிழமை 75க்கு 5, 85க்கு 3, 95க்கு 1. ஒவ்வொரு நாளும் கடைசிச் செட்டில் வருகிற அளவுக்கு ரெப் எடுக்கலாம். நான்காம் கிழமை லேசாக. பிறகு ஸ்குவாட், டெட்லிஃப்டுக்கு அந்த 84இல் 5 கிலோவும், பெஞ்சுக்கும் பிரஸ்ஸுக்கும் அவற்றின் கணக்கில் 2.5 கிலோவும் கூட்டி மறுபடி முதலில் இருந்து.

கவனித்தீர்களா, மூன்றாம் கிழமையின் ஆகப் பாரமான செட் 80 கிலோ, அது நீங்கள் ஏற்கனவே 5 தடவை தூக்கிய எடை. அவ்வளவு பதுங்கித் தொடங்குகிற திட்டம் இது. நின்றுபோன ஆளுக்கு இது அமிர்தம், வருடக்கணக்கில் போகலாம். ஆனால் புதிதாக வருகிறவர் கிழமைக்கு 7.5 கிலோ ஏறக்கூடிய நேரத்தில் மாசத்துக்கு 5 கிலோ ஏறுகிற திட்டத்தை ஏன் எடுக்க வேண்டும்? பெயர் நன்றாக இருக்கிறது என்பதற்காகவா?

எனக்குப் பலம் எல்லாம் வேண்டாம் அண்ணா, உடம்பு தெரிய வேண்டும்.

நேர்மையான பதில் தந்ததற்கு நன்றி. தசை வளர ஒரு தசைக்குக் கிழமையில் 10 முதல் 20 செட் என்பது பொதுவான கணக்கு, அதுவும் 10இல் தொடங்கி மெல்ல ஏறுவது. 5 ரெப்பாக இருந்தாலும் 25 ரெப்பாக இருந்தாலும் வளரும், ஆனால் செட் முடியும்போது இன்னும் 1, 2, கூடினால் 3 ரெப்தான் மிச்சம் இருந்திருக்கும் என்ற அளவுக்குக் கிட்டப் போயிருக்க வேண்டும். 10 செய்துவிட்டு, 20 வந்திருக்கும் என்று சிரித்துக்கொண்டு வைக்கிற செட் எண்ணிக்கையில் சேராது.

முதல் 6 மாசம் மேலே சொன்ன 3 நாள் திட்டம், பிறகு மேல், கீழ் 4 நாள். தள்ளல், இழுவை, கால் என்று 6 நாள் செய்கிற முறையும் நல்லதுதான், கிழமைக்கு 6 நாளும் உண்மையிலேயே வருவீர்கள் என்றால். உங்கள் கொப்பியில் போன மாசம் எத்தனை நாள் வந்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 11 என்றால் 6 நாள் திட்டத்தைத் தொடவே வேண்டாம்.

ஷிப்ட் வேலை. கிழமைக்கு 2 நாள்தான் முடியும்.

போதும். இரண்டு நாளும் முழு உடம்பு. எந்தக் கிழமை என்று பார்க்காமல், முந்தின நாள் என்ன செய்தீர்களோ அதற்கு அடுத்ததைச் செய்யுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து நேரே வந்து டெட்லிஃப்ட் செய்வதை மட்டும் விடுங்கள்.

தொழிலே பாரம் தூக்குவதுதான். துறைமுகம், கடல்.

கரைவலை இழுத்துவிட்டு வருகிற ஒருவரோடு நான் கொஞ்சக் காலம் சேர்ந்து செய்திருக்கிறேன். கைப்பிடி இரும்பு மாதிரி, ஈரக் கயிறு அறுத்த கோடு உள்ளங்கையில் பாரின் சொரசொரப்போடு சரியாகப் பொருந்தும். ஆனால் அவர் நாரி விடியற்காலையே வேலை முடித்துவிட்டது. அவருக்குப் புத்தகத்தில் இருக்கிறபடி டெட்லிஃப்டும் ரோவும் கொடுத்தால் ஒரு கிழமையில் படுத்துவிடுவார், நாங்களும் ஒருமுறை அப்படித்தான் படுக்க வைத்தோம். பிறகு மாற்றினோம்: ஸ்குவாட், பெஞ்ச், தலைக்கு மேல் பிரஸ் வழமைபோல, டெட்லிஃப்ட் கிழமைக்கு ஒரே ஒரு செட், அதுவும் வலை இழுக்காத நாளில். ரோ இல்லவே இல்லை, அவர் வாழ்க்கையே ரோதானே. காற்று மாறித் தொழில் இல்லாத காலத்தில் முழுத் திட்டம்.

வேலையில் செய்வதும் கணக்கில் வரும். கொப்பியில் அதையும் எழுதுங்கள்.

கால்பந்து விளையாடுகிறேன். கால் நாள் செய்தால் ஓட முடியவில்லை.

மக்கெய்சர் மைதானத்தில் ஞாயிறு மாட்ச் வைத்துக்கொண்டு வெள்ளி இரவு 5 செட் ஸ்குவாட் அடித்தால் எப்படி ஓடுவது? மாட்ச் காலத்தில் 2 நாள் போதும், பாரமான கால் வேலையைத் திங்கள் அல்லது செவ்வாய்க்குத் தள்ளுங்கள், செட் குறைவாக, எடை குறையாமல். பலத்தைக் கூட்டுவது மாட்ச் இல்லாத மாசங்களில்.

பெண்களுக்கு வேறு புரோகிராமா?

இல்லை தங்கச்சி, அதே ஸ்குவாட், அதே டெட்லிஃப்ட். "ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவாய்" என்று வீட்டில் சொல்வார்கள், அப்படி ஆக ஆண்களே வருடக்கணக்காக முக்கிக்கொண்டு இருக்கிறோம், முடியவில்லை. மாற்றம் இரண்டு இடத்தில். மேலுடம்பில் எடை சின்னச் சின்னதாகத்தான் ஏறும், அதனால் 1.25 கிலோத் தட்டு உங்களுக்குத்தான் மிக அவசியம். மற்றது நேரம். பெண்களுக்கென்று ஒரு மணித்தியாலம்தான் ஒதுக்குகிற இடமென்றால் நீங்கள் எல்லோரும் ஒரே ரேக்குக்கு நிற்க வேண்டிவரும், 3 தூக்கலுக்கு மேல் எழுதாதீர்கள். ரேக் கிடைக்காத நாளுக்கு டம்பெல்லை நெஞ்சோடு பிடித்துச் செய்கிற ஸ்குவாட்டைப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மகனுக்கு 14 வயது. வளர்த்தி நின்றுவிடாதா? எனக்கு 52, எனக்குச் சரிவருமா?

மகனுக்கு நிற்காது, பார்க்கிறதற்கு ஒருவர் இருந்து, முறை சரியாகப் பழகி, லேசான எடையில் 8, 10 ரெப் செய்தால். ஆகக் கூடிய எடை எவ்வளவு என்று சினேகிதர்களோடு பந்தயம் கட்டுவதுதான் ஆபத்து, அதற்கு மட்டும் தடை போடுங்கள்.

உங்களுக்கும் சரிவரும், அதே தூக்கல்கள்தான். முதலில் பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் கொஞ்ச நேரம் மேலே ஏறும், ஏற்கனவே கூடினவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் கூட்டாமல் கிழமைக்கு ஒருமுறை கூட்டுங்கள்.

விரதம், நோன்பு வந்தால்?

கந்தசஷ்டி 6 நாளும் பால் பழத்தோடு இருக்கிறவர் அந்த 6 நாளும் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு நடந்து போய்வந்தால் போதும், மான்களையும் பார்த்த மாதிரி. பலம் 6 நாளில் எங்கும் போகாது. ரமழான் ஒரு மாசம், அது வேறு கதை. கிண்ணியாப் பக்கத்துச் சினேகிதர்கள் செய்வது, கஞ்சியோடு நோன்பு திறந்து ஒன்றிரண்டு மணித்தியாலம் விட்டு, செட்களைப் பாதியாக்கி எடையை அப்படியே வைத்திருப்பது. அந்த மாசம் புது எடை தேடாதீர்கள், இருப்பதைக் காப்பாற்றுங்கள்.

இந்த வெக்கையில் எப்படி?

மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும்போது தகரக் கூரை ஜிம்முக்குள் பின்னேரம் 4 மணிக்குப் போவது அடுப்புக்குள் போவது மாதிரி. வெளியே 35 பாகை, உள்ளே கேட்க வேண்டாம். காலை 6 மணிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் ஓய்வு நேரத்தைக் கூட்டி, கடைசித் தூக்கலில் ஒரு செட்டை விட்டுவிடுங்கள், வெக்கை நாளில் 2 ரெப் குறைந்ததை வைத்து உங்களை ஆரம்பநிலைக்குத் தள்ளவும் வேண்டாம். தலைசுற்றி, வியர்வை நின்று, உடல் சில்லிட்ட மாதிரி இருந்தால் அன்றைக்கு முடிந்தது, நிழலில் போய் இருந்து தண்ணீர் குடியுங்கள், குறையாவிட்டால் ஆஸ்பத்திரி.

சாப்பாடு? பவுடர் கட்டாயமா?

ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் புரதம் என்றால் போதும், 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். 4 முட்டையில் 24, 150 கிராம் சூரை மீனில் 35 அளவில், காய்ந்த சோயாமீற் 50 கிராமில் 25, ஒரு கை பருப்பில் 12. மிச்சம் சோற்றிலும் புட்டிலும் கச்சானிலும் வந்துவிடும் (காற்றில்லை, தின்கிற கச்சான்). வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் சோயாமீற்றும் கடலையும் கிண்ணியா எருமைத் தயிரும். மீன் இவ்வளவு மலிந்த ஊரில் இருந்துகொண்டு பவுடர் டப்பாவுக்குக் கடன்படுவது எனக்கு விளங்காத விஷயம், ஆனால் நேரமில்லாதவருக்கு அது வசதி, அவ்வளவுதான். கிரியேட்டின் நாளுக்கு 3 முதல் 5 கிராம் உண்மையாகவே வேலை செய்யும், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேளுங்கள். யாராவது "கோர்ஸ்" என்று ஸ்டெரொயிட் ஊசிக் கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுங்கள்.

கன்னியா வெந்நீரில் குளித்தால் தசைவலி போகுமா?

7 கிணற்றிலும் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தாயிற்று. சுகமாக இருக்கும். அடுத்த நாள் படியிறங்கும்போது வலி அப்படியே இருக்கும்.

எந்த வலிக்குப் பயப்பட வேண்டும்?

செய்த அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுக்க மந்தமாக நோவது வழமை. மூட்டுக்குள் குத்துவது, நாரியிலிருந்து காலுக்கு இறங்கி விறைப்பது, தோள் தூக்க முடியாமல் போவது, இவை வழமையில்லை, நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். நீண்டநாள் விட்டுவிட்டு வந்து ஒரே நாளில் வெறிபிடித்துச் செய்தபின் சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிற அறிகுறி அது.

வீட்டில் 2 டம்பெல்தான் இருக்கிறது.

ஒற்றைக் காலில் ஸ்குவாட், முன்னால் அடிவைத்து இறங்குவது, தரையில் படுத்துத் தள்ளுவது, ஒற்றைக் கை ரோ, மாமரக் கொப்பில் புல்அப். எடை கூட்ட முடியாததால் ரெப்பை 25, 30 வரை கொண்டுபோக வேண்டும், சலிப்பான வேலை, ஆனால் தசை வளரும். பாடசாலைப் பையில் 5 கிலோ அரிசிப் பொதிகளை அடுக்கிக் கால் வேலை செய்யலாம், அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஒரு புரோகிராமை எத்தனை நாள் செய்து பார்ப்பது?

12 கிழமை. 3 கிழமையில் மாற்றினால் அந்தப் புரோகிராமைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது, எனக்கும் முதல் 4 வருடம் ஒன்றும் தெரியவில்லை.

கொப்பி கட்டாயமா? போனில் எழுதினால் என்ன?

எழுதலாம். நானும் ஒரு வருடம் போனில்தான் எழுதினேன், வியர்வைக் கைக்குத் திரை வேலை செய்யாது, காற்சட்டையில் துடைத்துவிட்டுத் திறந்தால் ஒரு மெசேஜ் வந்திருக்கும், அதைப் பார்த்து முடிக்க 9 நிமிடம், பார் ஆறிப்போய்க் கிடக்கும். பிறகு அந்தப் போன் கடலில் விழுந்தது, ஒரு வருட ஸ்குவாட்டும் அதோடு போனது. இப்போது பாடசாலைக் கொப்பி, அதன் மூலையில் ஓட்டை போட்டுக் கயிற்றில் பேனை கட்டியிருக்கிறேன், அப்படிக் கட்டாவிட்டால் பேனை முதல் கிழமையே யாரோடாவது போய்விடும்.